மகனின் குரலைத் தேடிப் பல்லேகல போனது

போன வருஷம் பிரேசிலிலிருந்து ஒரு பாடகி வந்து, கண்டிப் பக்கத்து வாத்தியக்காரர்களோடு போசா நோவா இறுவட்டு ஒன்று பதிவு செய்தார். காதோடு பேசுவதுபோல மெதுவாகப் பாடுகிற பாட்டு. அதில் தப்பு மேளம் அடித்தவன் என் மகன் அந்தோனி. இறுவட்டு வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அவன் குரல் வீட்டில் எந்தப் போனிலும் இல்லை. அதைத் தேடித்தான் போன வாரம் கிளம்பினேன். எனக்கு எழுத்துத் தெரியாது; நான் சொல்ல, அவன் மனைவி மேரி எழுதுகிறாள்.

புசல்லாவையில் காலை ஆறு மணி பஸ். கண்டிக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. வலப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். கண்டியில் பஸ் மாறிப் பல்லேகலவில் இறங்கி, ஆட்டோ பிடித்தேன்.

"என்ன மாமா, மெட்ச் பார்க்கவா? இன்னைக்கி கிரவுண்ட் பூட்டியில்ல கெடக்கு!" என்றார் டிரைவர்.

"மகன் பாட்டுல அடிச்சிருக்கான். கேக்கப் போறேன்."

"அவர கூட்டிட்டு வரலயா?"

மேரி எழுதித் தந்த விலாசத் துண்டை நீட்டினேன். அதைப் பார்த்து ஓட்டினார்.

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு மாடி வீடு. அங்கே நிமல் என்ற சிங்களத் தம்பி பாட்டைப் போட்டுக் காட்டினார். திருவிழாவில் மலை முழுக்கக் கேட்க அடிக்கிறவன், இதில் விரல் நுனியால் தட்டியிருந்தான்.

"அவன் பேசினது இல்லையா தம்பி?"

"பேச்சு எல்லாம் வெட்டினது ஐயா. ஆனா வீசல்ல. இருங்க."

தேடி எடுத்துப் போட்டார். பாட்டு பாதியில் நின்றது. அந்தோனி பேசினான்.

"நில்லுங்க, நில்லுங்க! தோலு எறங்கிருச்சு. காய்ச்சிட்டு ஓடியாறேன்."

"உள்ளே நெருப்பு வைக்க விடமாட்டோம். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ முற்றத்துக்கு ஓடுவான், பேப்பர் கொளுத்தித் தப்பைக் காய்ச்ச," என்று நிமல் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பதிவில் கதவு திறந்தது. படியில் காலடி இறங்கியது. பாடகி ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு சும்மா இருந்தது. அவன் படியேறி வருவான் என்று நான் காத்திருந்தேன். அதற்கு முன்னே பதிவு முடிந்துவிட்டது.

நிமல் அதைப் போனில் போட்டுத் தந்தார். நீங்களும் இப்படி யாரையாவது தேடிப் போனால், முதலில் போன் பண்ணிவிட்டு வார நாளில் போங்கள். பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், வெட்டினதையும் கேளுங்கள்.

மேரி அதை இன்னும் கேட்கவில்லை. அவன் சொன்னதை இங்கே எழுதும்போதுதான், "ஓடியாறேன்னா சொன்னாரு, மாமா?" என்றாள். ஆமா என்றேன்.