கைடு சார் சிபாரிசு செய்த புத்தகம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்கிறவருக்கு 'கைடு சார்' என்று பேர். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று போனால்கூட, மேஜை மேலிருக்கும் தலையணை சைஸ் புத்தகத்தைத் தட்டிக்காட்டுவார். சர்வர் நிர்வாகிகளுக்கான கையேடு அது. "இதை ஒரு தடவ படிங்க. அப்புறம் எங்கிட்ட வரவே மாட்டீங்க." அது என்னவோ உண்மைதான், அதற்குப் பிறகு யாரும் அவரிடம் போவதில்லை. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவருக்குக்கூட மனிதர் அதைச் சிபாரிசு செய்தார்.

கைடு சார் அதைப் படித்தாரா? முன்னுரையைப் படித்தார். பொருளடக்கத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். எது எந்த அத்தியாயம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இத்தனை வருஷம் அதுவே போதுமாக இருந்தது.

வேறு கிளையிலிருந்து மாற்றலாகி, அவருடைய அறைக்கே ஒரு பெண்மணி வேலைக்கு வந்தார். வினை அங்கேதான். சார் சொல்கிறாரே என்று அதே புத்தகத்தைத் தானும் கடையில் வாங்கி, உண்மையிலேயே படித்துவிட்டார்.

ஒரு காலை சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. முந்தின நாள் ரிப்போர்ட்டுகள் அத்தனையும் அதில்தான். ரத்த மாதிரிகளையும் கொட்டியாகிவிட்டது. மேலாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். கைடு சார் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பேக்கப் இருக்கு சார். தினமும் பச்சை டிக் விழுது."

"அதை எப்பவாவது திருப்பி எடுத்துப் பாத்திருக்கீங்களா சார்?" என்றார் அந்தப் பெண்மணி. "எடுத்துப் பாக்காத பேக்கப்ப நம்பாதீங்கன்னு நீங்க சொன்ன புத்தகத்துலதான் போட்டிருக்கு."

"ஏழாவது அத்தியாயம்" என்றார் கைடு சார், பழக்க தோஷத்தில்.

பேக்கப்பைத் திறந்து பார்த்தார்கள். என்றைக்கோ அதை அமைத்தபோது, கைடு சார் ரிப்போர்ட் ஃபோல்டர் என்று நினைத்துத் திரையிலிருந்த அதன் ஷார்ட்கட் ஐகானைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஃபோல்டருக்குப் போகும் வழி மட்டும் தினமும் பத்திரமாகப் பிரதியாகியிருந்தது. ஃபோல்டர் வரவே இல்லை.

மேலாளர் கைடு சாரின் மேஜை மேலிருந்த புத்தகத்தை எடுத்து ஏழாவது அத்தியாயத்தைப் புரட்டப் பார்த்தார். கடையில் வாங்கியபோது ஓரம் ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் இன்னும் பிரியவில்லை. நகத்தால் கீறிப் பிரித்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலாவது தேவலை. கைடு சாருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மானம் போவது என்றால் என்னவென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மெஷின் கோளாறு, திரும்ப ரத்தம் எடுக்கணும்னு ஜனங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று மேலாளர் அவரை அனுப்பினார்.

ரிப்போர்ட் வாங்க வந்தவர்களால் கூடம் நிரம்பியிருந்தது. முன் வரிசையில் அவருடைய அக்கா. நரம்பு கிடைக்காமல் நேற்று மாற்றி மாற்றிக் குத்தியதில் இரண்டு கைகளும் கன்றிப்போயிருந்தன. தம்பி வந்து நிற்பதைக் கவனிக்காமல் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கம்ப்யூட்டரெல்லாம் என் தம்பி பொறுப்புதான். எப்பப் பாரு புத்தகமும் கையுமா இருப்பான். அவன் இருக்கிற இடத்துல தப்பு நடக்காது."

நாக்கு நுனி வரை வந்த மெஷின் கோளாறை அவரால் சொல்ல முடியவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார். "நான் சரியாப் பாக்கல. தப்பு என்னோடதுதான். எல்லாருக்கும் திரும்ப ஊசி போடணும். மன்னிச்சிடுங்க."

கூடமே கத்தியது. அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கன்றிய கையைத் தடவிக்கொண்டாள்.

"இவரா உங்க தம்பி?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

"இல்லம்மா" என்றாள் அக்கா, அவர் காதில் விழும்படியே. "அவன் வேற."