வாசலைப் பார்த்து ஜெபிக்கிறேன்

ஜெப நேரத்தில் நான் கண்ணை மூடுவதில்லை என்று சபையில் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. பக்தி குறைந்துவிட்டது என்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்ட கதையைச் சொன்னால் அந்த வருத்தம் தீரும். என் வருத்தம் தீராது.

பெரிய சண்டை முடிந்த மறு வருஷம் அது. சண்டைக் காலத்தில் ஆம்பூர்த் தோலுக்கு அப்படி ஒரு கிராக்கி. சண்டை நின்றதும் கிராக்கியும் நின்றது. தோல் பதனிடும் ஷாப்பில் பாதிப் பேரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதில் நானும் ஒருவன், என் மனைவி எஸ்தரின் தம்பி யோசேப்பும் ஒருவன். எங்களோடு தங்கித்தான் அவன் வேலை பார்த்து வந்தான். எஸ்தர் தலைப்பிரசவத்துக்காகத் திமிரியில் தாய்வீட்டில் இருந்தாள்.

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ஊருக்கு ஊர் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார்கள். அதற்குத் தண்ணீர் மொள்ளும் தோல் சால் வேண்டும். நாமே பதனிட்டு, நாமே தைத்து, நாமே விற்றால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாமே என்று தோன்றியது. சொன்னதும் யோசேப்பு துள்ளிக் குதித்தான். வீட்டுக்குப் பின்னால் தோல் ஊறவைக்கக் குழி வெட்டினோம். தண்ணீர் கசியாமலிருக்க மீன் எண்ணெய் தடவலாம் என்பது என் யோசனை. சால் பளபளவென்று வந்தது. தெருவே வந்து தட்டிப் பார்த்து, "ஜோரா இருக்குதுப்பா" என்றது. எங்கள் தெருவில் எல்லோரும் தோல் வேலைக்காரர்கள். அவர்கள் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு?

கணியம்பாடிப் பக்கம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அத்தனையும் திரும்பி வந்தன. "மாடு மெரளுது, எங்களுக்கு வேணாம்" என்றார்கள். அடுத்த ஊரிலும் அதே பேச்சு. நாங்கள் தைத்தது என்பதால் தொட மனமில்லாமல் மாட்டைச் சாக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி நினைக்க எங்களுக்குக் காரணமா இல்லை? நெஞ்சு கொதித்தது.

அடுப்பு எரியாத நாளும் வந்தது. ஒரு நாள் யோசேப்பு மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா, அக்கரைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் எடுக்கிறானாம். போவட்டுமா?"

"அவசரப்படாத. ஜெபம் பண்றேன். ஆண்டவர் வழி காட்டுவாரு."

எங்கே தப்பு என்று காட்டும் ஆண்டவரே, இந்தத் தொழிலை வாழவையும் என்று தினமும் காலையில் முழங்காலில் நின்று அழுதேன். அந்த ஜெபத்தில் யோசேப்பின் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அப்படி ஒரு காலையில் வாசலில் காலடி கேட்டது. அவன்தான் என்று தெரியும். ஜெபத்தை நடுவில் விடக்கூடாது என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். முடித்து எழுந்தபோது வாசற்படியில் அவன் தோல் தைக்கும் குத்தூசி மட்டும் இருந்தது. கையில் மூட்டையோடு வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான் என்றாள் பக்கத்து வீட்டம்மா. ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டி போய்விட்டது.

அந்த வாரமே எஸ்தர் கைக்குழந்தையோடு வந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள், முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள்.

"இன்னா நாத்தங்க இது! மீன் அழுவுனாப்பல!"

"ஒண்ணுமில்லையே."

"உங்களுக்குத் தெரியலியா? அங்க அடுக்கி வெச்சிருக்கிற சாலுதாங்க!"

கலியாணமாகி வந்தது முதல் இதே தெருவில்தான் இருந்தாள். ஒரு நாளும் நாற்றம் என்று சொன்னதில்லை. திமிரி வயற்காற்று அவள் மூக்கைத் திருப்பிக் கொடுத்திருந்தது. சுண்ணாம்பிலும் தோலிலும் எங்கள் தெருவின் மூக்கெல்லாம் செத்துப்போயிருந்தன. மாடு பொய் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நான் கேட்ட பதில் வந்துவிட்டது.

எஸ்தர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"யோசேப்பு எங்க?"

சென்னைத் துறைமுகம் வரை போனேன். கப்பல் புறப்பட்டுவிட்டது. அக்கரைக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன், திரும்புகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

மீன் எண்ணெயை விட்டு ஆமணக்கெண்ணெய்க்கு மாறினோம். எஸ்தர் முகர்ந்து சரி என்றால்தான் சால் வண்டியேறும். மாடுகளும் ஒத்துக்கொண்டன, சொந்தக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். இன்று எங்கள் தெருவில் பல குடும்பங்களுக்கு இதுதான் சோறு. ஆண்டவர் கைவிடவில்லை. கெட்டிக்காரன் என்று என்னை ஊரார் மெச்சும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தொழிலில் பாதி அவனுடையது, பட்டினியிலும் பாதி அவனுடையது, பலன் மட்டும் என்னுடையதாகிவிட்டது.

புதிதாகத் தொழில் தொடங்கும் தம்பிமாரே, நம்பி ஜெபியுங்கள், பதில் வரும். நம் மூக்குக்குத் தெரியாததையும் அவர் காட்டுவார். ஆனால் பதில் வரும்வரை நம்மோடு நிற்கிறவனைக் கையைப் பிடித்து உட்காரவையுங்கள். அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் இப்போதும் காலையில் அதே இடத்தில்தான் முழங்காலிடுகிறேன். கதவைத் திறந்து வைத்து, கண்ணைத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்துத்தான் ஜெபிக்கிறேன். யாராவது வந்து நின்றால் பாதியில் எழுந்துவிடுவேன். ஆண்டவர் காத்திருப்பார்.