டிரைவர் கதவில் மூன்று ஓட்டை

ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ லாரியை ஆறு மாதமாக வீட்டு ஷெட்டில் போட்டு நோண்டிக்கொண்டிருக்கிறேன், தெரியும்தானே?

இன்று திருக்கழுக்குன்றத்திலிருந்து டிங்கர் ஏழுமலை வந்து டிரைவர் கதவின் பெயிண்ட்டைச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே மூன்று இடத்தில் பழைய பட்டி உதிர்ந்தது. விரல் நுழைகிற மாதிரி மூன்று ஓட்டைகள். யாரோ பொறுமையாக அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

"துருதானே அண்ணே?" என்றேன்.

ஏழுமலை கண்ணை நம்புகிற ஆள் இல்லை. கண்ணை மூடி, உள்ளங்கையால் தகட்டைத் தடவித்தான் பார்ப்பார். தடவியவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"துருவா இருந்தா ஓரம் பொடிப்பொடியா உதுரும். இது கிழிஞ்சிகீது சார்."

"சண்டையில பட்ட குண்டா?" எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

"எதிரி சுட்டா தகடு உள்ளதான் மடங்கும். இது மூணும் வெளிய பாத்துகினு கீது. பக்கத்து சீட்ல குந்திகினு இருந்தவன்தான் சுட்டுகீறான்."

இதற்குப் பட்டி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றும் சரியாக என் விலா உயரம்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை முதல் ஓட்டம். பக்கத்து சீட்டுக்கு உங்களில் நாலு பேர் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கிறீர்கள்.

என் மேல் பழைய கோபம் ஏதாவது இருந்தால், இங்கேயே கமெண்டில் கொட்டிவிட்டு ஏறுங்கள்.