வாயில்லாச் சீவனுக்கு ஒரு வரவேற்பு விழா

போன சனிக்கிழமை எங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு மிருக வைத்தியர் வந்தார். ஒரு வானுக்குள்ளேயே மருந்து, ஊசி, கத்தரிக்கோல் எல்லாம். காசும் பெரிதாகக் கேட்கமாட்டார்களாம். இதுவரை ஒரு நாய்க்கு வருத்தமென்றால் ஓமந்தையும் தாண்டி வவுனியாவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பஸ்காரன் நாயை ஏற்றுவானா? ஆட்களையே முகம் பார்த்துத்தான் ஏற்றுகிறான்.

ஒன்பது மணிக்கே வான் வந்துவிட்டது. வந்த மனுசனை வேலை செய்ய விட்டோமா? அந்தப் பழக்கம் எங்களுக்கு இல்லையே! மாலை போட்டு மேடையில் ஏற்றினோம். தேவாரம், தலைமையுரை, வரவேற்புரை, வாழ்த்துரை... பேச விடாவிட்டால் கோபிக்கிறவர்கள் ஊரில் ஏழு பேர். ஏழு பேரையும் போட்டோம். ஆறாவது ஆள் வேறு யார் — அடியேன்தான்.

டொக்டர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு மல்லாவியில் நிற்க வேண்டுமாம். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் அவருக்கு இன்னொரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

அந்த நேரம் பந்தலுக்கு வெளியே, ஒரு சைக்கிள் கரியரில் கட்டிய பெட்டிக்குள் கறுப்பன் கிடந்தான். சின்னமணி அக்காவின் நாய். அக்கா புருசன் இல்லாத மனுசி. காட்டோரம் இரண்டு ஏக்கர் வயல், அதற்குக் காவல் இந்த நாய் ஒன்றுதான். அன்று விடியப்புறம் பன்றி வயலுக்குள் இறங்க, கறுப்பன் விடவில்லை. பன்றி வயிற்றைக் கிழித்துவிட்டது. அக்கா பழஞ்சேலையால் சுற்றிக் கட்டி, மூன்று மைல்கட்டை தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறா. விழா முடியட்டும் என்று வாசலில் நின்ற தொண்டர் மறித்துவிட்டார். ஒழுங்கான மனிதர்.

நான் பேசத் தொடங்கி இருபது நிமிசம். வாயில்லாச் சீவன்களின் கண்ணீரைப் பற்றிக் குரலை உயர்த்துகிறேன்... சின்னமணி அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே மேடைக்கு ஏறி வந்தா.

"தம்பி, நீங்கள் சொல்லுற சீவன் இதுதான். இது செத்தாப் பிறகும் கதைக்கலாம்தானே?"

மைக்கில் அது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன் — கையில் மிச்சமிருந்த மூன்று பக்கத்தையும் ஒருதரம் பார்த்தேன்.

டொக்டர் யாரையும் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றினார். மேசையில் இருந்த பூச்சாடியைத் தூக்கித் தலைவரின் மடியில் வைத்தார். கறுப்பனை அந்த வெள்ளை விரிப்பிலேயே கிடத்தி, விறைப்பூசி போட்டு, தைக்கத் தொடங்கினார். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டா. இரத்தத்தைக் கண்டதும் முன்வரிசைப் பிரமுகர்கள் ஒவ்வொருவராய்க் கழன்றார்கள். முக்கால் மணித்தியாலம் எங்கள் மேடையில் ஒருவரும் பேசவில்லை. இப்படியொரு அதிசயம் இதற்கு முன் நடந்ததில்லை.

வெளியே காத்து நின்ற மற்ற நாய்களுக்கும் கன்றுகளுக்கும் நேரம் போதவில்லை. வான் மல்லாவிக்கு வெளிக்கிட்டுவிட்டது. நாங்கள் விட்டோமா? அது கிளப்பிய புழுதியைப் பார்த்து நன்றியுரையையும் சொல்லி முடித்தோம்.

கறுப்பன் பிழைத்துவிட்டான். நேற்றுப் பார்க்கப் போனேன். எழும்பி நின்று என்னைப் பார்த்துக் குரைத்தான். நியாயம்தான். அடுத்த மாதமும் வான் வருகிறது, தலைவர் இந்தமுறை இன்னும் பெரிய பந்தல் போடப் போகிறார் என்று பெருமையாகச் சொன்னேன். சின்னமணி அக்கா கறுப்பனைப் பிடித்து இருத்திவிட்டு என் பக்கம் திரும்பினா.

"தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். வான் வாற நாளை எனக்கு மட்டும் சொல்லுங்கோ. தலைவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."