ஜன்னலில் கட்டிய படங்கு

தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை என்பது, மேல்மாடியில் கொழுந்து வாடுவதைப் பார்த்துக்கொண்டே நாமும் வாடுவது. விடிய விடிய விழித்துப் பிழைப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்கு அது பழகிவிட்டது. பழகாதது, ஐப்பசி மூடுபனியில் மாடியின் பெரிய கண்ணாடி ஜன்னலில் கேட்கும் 'தொப்' என்ற சத்தம்.

குப்பையோடு

வேலை முடிந்து இறங்கிய ஒரு காலையில் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு குருவி கிடந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. கையில் எடுத்தேன், கழுத்து தொங்கியது. முற்றம் கூட்டும் கண்ணம்மா அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"வருசா வருசம் இந்த மாசத்துல விழும் தம்பி. சீக்கு வந்த குருவின்னு குப்பையோட அள்ளிருவேன்."

நம்ம ஆளு

பகலில் எனக்குத் தூக்கம் வராது. நூலகத்துக்குப் போய்ப் பறவைப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஆறுமணிக் குருவியாம். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து இரவில் கடல் தாண்டி வருமாம். பனியில் வெளிச்சம் கண்டால் திசை தடுமாறுமாம். சீக்கு குருவிக்கு இல்லை, எங்கள் ஜன்னலுக்குத்தான். தேநீர் நேரத்தில் இதைச் சொன்னேன். கொழுந்து அரைக்கும் மெஷின் பார்க்கும் செல்லையா கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்ப நம்ம ஆளுதான். கடல் தாண்டி வந்து தோட்டத்துல முட்டிக்கிட்டு விழுறது என்ன புதுசா?"

விளக்கு

பனி நாட்களில் மட்டும் அந்தப் பக்க விளக்கை அணைக்கலாமா என்று தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பேசமாட்டார். கழற்றினார்.

"லைற்றை நூத்தால் படியில விழுறது நீயாத்தான் இருக்கும். அதுக்கும் றிப்போட் நான்தான் எழுதவேணும்."

ஐந்து படங்கு

விளக்கை அணைக்கக் கூடாது, ஜன்னலை மறைக்கலாம் என்றார் பிறகு. எதைக்கொண்டு மறைப்பது? கண்ணம்மா அக்கா தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொல்லியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்கள், செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்குகளில் பழையது ஐந்தைக் கொண்டுவந்து போட்டார்கள். அவரே சேர்த்துத் தைத்தார். ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட ஒரு பகல் போனது.

கட்டுவதற்கு முந்திய நாள் விழுந்த ஒன்றுக்கு உயிர் இருந்தது. அட்டைப்பெட்டியில் மூடி வைத்து, தெளிந்ததும் ஓடைப் புதரில் விட்டோம். சருகைக் கிளறிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அந்தப் புதரில்தான் லயம் விறகு வெட்டும். குருவிகள் திரும்பிப் போகும் பங்குனி வரை கத்தி வைப்பதில்லை என்று பெண்களே பேசி முடித்தார்கள். செல்லையாவின் மனைவிக்கு மட்டும் முணுமுணுப்பு.

"படங்கையும் குடுத்தாச்சு, வெறகையும் விட்டாச்சு. இனியும் போய் முட்டுனா அது தலையெழுத்து."

மேட்டுப் பங்களா

படங்கைக் கட்டிய பிறகு எங்கள் ஜன்னலடியில் ஒன்றும் விழவில்லை. தினமும் குனிந்து பார்த்தேன். எனக்கே கொஞ்சம் பெருமை. ஒரு காலையில் பங்களாக் குசினிக்காரர் பெருமாள் அண்ணன் மேட்டிலிருந்து இறங்கி வந்து, பழைய பேப்பர்ப் பொட்டலமொன்றைப் பிரித்துக் காட்டினார். இரண்டு ஆறுமணிக் குருவிகள். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா வராந்தாவில் விடியும்வரை நாலு பெரிய விளக்குகள் எரியும்.

"நீங்க மறச்சீங்க, சரி. தொரைகிட்ட போயி லைட்டை அணைங்கன்னு யாரு சொல்றது? நான் சோறாக்குறவன்."

லயத்தில் படங்கு கேட்டு வாங்கப் பழகிவிட்டோம். பங்களாவில் போய் இருட்டைக் கேட்கத்தான் எங்களில் யாருக்கும் இன்னும் வாய் வரவில்லை.