முடிச்சக்காவும் சூடான இன்ஜினும்

அந்த வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் அவளுக்குப் பெயர் முடிச்சக்கா. வயதில் மூத்த டாக்ஸிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கழுவ வரும் காரின் பானட்டைத் திறந்ததும், உள்ளே நனையக் கூடாத ஒவ்வொன்றுக்கும் அவள் பிளாஸ்டிக் பை மாட்டுவாள். காற்று இழுக்கும் வாய்க்கு ஒன்று, ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று. பழைய சைக்கிள் டியூபை நறுக்கிய வாரால் பையின் வாயைச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி ஓர் இழுப்பு இழுத்தால் முடிந்தது. அந்த நுனி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவள் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. வண்டி வந்ததும் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பாள். சுட்டால் தண்ணீர் பக்கமே போகமாட்டாள். யார் குதித்தாலும் சரி, "ஆறட்டும்" என்பாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "எங்க மாமாவோட குறையில பாதியைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை எடுக்காம வெச்சிருக்க முடியணும்" என்பாள். மாமா என்பவர் அவள் அக்காவின் கணவர், கொட்டகையின் முதலாளி. அந்தக் காலத்தில் அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட பிறகு, அக்கா வீட்டுப் பின்னறையில் வந்து ஒண்டிக்கொண்டவள் அவள். பிள்ளைகுட்டி கிடையாது. பின்னறையில் பாதியை அக்காவின் பழைய பீரோ அடைத்துக்கொண்டிருக்கும். தன்னுடையது என்று மார்தட்டிக்கொள்ள அவளுக்கு இருந்தது அந்த முடிச்சு ஒன்றுதான். மாமா கைவைத்தது அதில்தான்.

ஒருநாள் டாக்ஸிக்காரர் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு வந்து வண்டியை விட்டார். சவாரி காத்திருக்கிறது, சீக்கிரம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். முடிச்சக்கா பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினாள், பைகளைக் கட்டினாள், ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் பின்பக்கம் சோப்புக் கரைக்கப் போனாள். மாமாவுக்குத்தான் பொறுமை என்பதே ஜாதகத்தில் இல்லையே. தண்ணீர் பீச்சும் கன்னை எடுத்தார், கொதிக்கிற இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை முழு வேகத்தில் அடித்தார். மோட்டார் சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தபோது நீராவிக்கு நடுவே நின்று இருமிக்கொண்டிருந்தார்.

சூட்டில் இருக்கிற பாகம் சட்டென்று குளிர்ந்தால், இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாமா பைகளை எல்லாம் பிய்த்தெடுத்து மூலையில் எறிந்தார், வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். வண்டி இரண்டொரு முறை முனகியது, பிறகு முனகவும் இல்லை. அதற்குள் டாக்ஸிக்காரர் வந்துவிட்டார். மாமா அவரிடம் ஒரு பையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"என்னத்தைச் சொல்றது? இவ கட்டின முடிச்சு தானா அவுந்துடுச்சு. தண்ணி உள்ள இறங்கிடுச்சு."

கண்ணெதிரே, பகல் வெளிச்சத்தில் சொன்ன பொய். அவள் வாயைத் திறந்தாள். "எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார் மாமா. வீடு என்றதும் அவளுக்குப் பின்னறை ஞாபகம் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்ஸிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே அவளை காருக்குள் காலடியில் போடும் மேட் கழுவ அனுப்பிவிட்டார்கள். இன்ஜினுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். பக்கத்துப் பஞ்சர்க் கடைக்காரர், "முடிச்சக்கா, என் செருப்பு வாரு அவுந்துடுச்சு, கட்டி விடேன். உன் ஸ்டைல்ல வேணாம்" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். ஆசையாகக் கூப்பிட்ட பெயரே இப்போது ஏச்சாகிவிட்டது.

அன்றிலிருந்து அவள் மேட் கழுவிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பியில் மாட்டி, கட்டையால் சாத்துவாள். ஒவ்வொரு ரப்பர் மேட்டிலும் மாமாவின் மீசை தெரிந்தது அவளுக்கு. தூசி போன பிறகும் அடி ஓயாது.

அக்கா மட்டும் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"உன் முடிச்சு அவுந்திருக்காதுன்னு எனக்குத் தெரியும்டி. அதுக்காக இப்படியே வெந்துக்கிட்டு இருப்பியா? விட்டுத் தொலையேன்."

"அவரு வாயால வரணும்க்கா. அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி."

"கட்டிக்கிட்டு வந்த நாளா அவரு வாயில தப்புன்னு ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. உனக்கு வந்துடப்போகுதா?"

"வர வைக்கிறேன் பாரு."

ஆனால் அவசரப்படவில்லை அவள். ஆறட்டும் என்று காத்திருந்து பழகிய கை அல்லவா.

மாமா ஒரு கார் வைத்திருந்தார். பெற்ற பிள்ளையைவிட அதன்மேல்தான் உயிர். அதைக் கொடுத்துவிட்டுப் பெரிதாக வாங்குவதாக ஏற்பாடு. பார்க்க ஆள் வருகிறது என்று சொல்லியிருந்த அன்று, ஆயில் ஊற்றிவிட்டு மூடியைச் சரியாகத் திருகாமல் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரே எண்ணெய்க் குளியல். புகை வேறு. இன்ஜின் கழுவுகிறவன் லீவு. டாக்ஸிக்காரர் பஞ்சர்க் கடையில் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். மேட் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா, நீயே கொஞ்சம் பார்த்து விடேன். ஆள் வந்துடுவாங்க."

குரலில் தேன் சொட்டியது. அவள் கட்டையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்ஜின்மேல் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். தொடவே வேண்டியதில்லை, அனல் அடித்தது. உள்ளுக்குள் என்னவோ ஒன்று குளிர்ந்தது அவளுக்கு.

நெகட்டிவ் வயரைக் கழற்றினாள். ஒவ்வொரு பையாக மாட்டினாள், சுற்றினாள், சொருகினாள், இழுத்தாள். மாமா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். இனி ஆறும்வரை உட்காருவாள், அதுதானே அவள் வழக்கம்.

அவள் நேராகப் போய் மோட்டாரைப் போட்டாள். கன்னைக் கையில் எடுத்து இன்ஜினுக்கு நேரே நீட்டினாள்.

"ஏய்! ஏய்! நிறுத்து! கொதிக்குது!" மாமா வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கொதிச்சா என்ன மாமா? முடிச்சு எல்லாம் சரியா இருக்கான்னு நீங்களே இழுத்துப் பாருங்க."

"முடிச்சு கிடக்குது விடு! சூட்டுல பச்சைத் தண்ணி பட்டா இக்னிஷன் காயில் தண்ணிய உள்ள இழுத்துக்கும், சென்சார் போயிடும், வண்டி செத்துடும்!"

"முடிச்சு இறுக்கமா இருந்தாலுமா?"

அவள் விரல் கன்னின் விசையில் இருந்தது. அவர் பதில் சொல்லாவிட்டால் அழுத்திவிடுவதாகத்தான் இருந்தாள், சத்தியமாக.

"ஆமாம்மா! முடிச்சு எப்படி இருந்தா என்ன, சூடா இருந்தா போச்சு! கீழ வை!"

பஞ்சர்க் கடைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டார். டாக்ஸிக்காரர் எழுந்து வந்தார், மெதுவாக.

"அன்னைக்கு என் வண்டியும் இப்படித்தானே கொதிச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு?"

மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"தண்ணி அடிச்சது யாரு?" இதை அவர் முடிச்சக்காவைப் பார்த்துக் கேட்கவில்லை. மாமாவைப் பார்த்தே கேட்டார்.

"மாமா, வீட்டுல போய்ப் பேசிக்கலாமா?" என்றாள் முடிச்சக்கா. விரலை எடுக்கவில்லை.

மாமாவின் கண் கன்னை விட்டு நகரவில்லை. "நான்தான்" என்றார். சத்தமே எழும்பவில்லை. எழும்பாவிட்டால் என்ன, கேட்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். டாக்ஸிக்காரர் போய்த் தன் வண்டியின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்தார். அவள் பழைய பைகளையும் மிச்ச வார்களையும் அள்ளிக்கொண்டு அங்கே நடந்தாள்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. காரைப் பார்க்க வருகிறேன் என்ற ஆள் அதிலிருந்து இறங்கினார். மாமா பானட்டுக்குள் தலையை விட்டு ஒரு முடிச்சைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், நகத்தால் பிராண்டினார். நுனி அகப்படவில்லை. வாங்க வந்தவர் பார்க்கப் பிய்த்தெடுக்கவும் முடியவில்லை.

"இந்தா, இதையாவது கழட்டி விட்டுட்டுப் போயேன்!"

முடிச்சக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்ஸியின் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தபடியே சொன்னாள்.

"கொஞ்ச நேரம் நில்லுங்க மாமா. தானா அவுந்துடும்."