மடிக்கு அளவெடுத்த கிட்டார்

தெருமுனையில் நாற்காலி பழுதுபார்ப்பவர் இன்று காலை வச்சிரம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தப் பசையின் நாற்றம் மூக்கில் ஏறியதும், வாங்கப் போன பாலை மறந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானபோது இருபத்துமூன்று வயது. இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும், ரேடியோவில் கேட்ட ஹவாய் கிட்டார் மயக்கமுமாகத் திரிந்தேன். மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்களே, அதுதான். கொழும்புக் கடைச் சாமான் எனக்கு எட்டாது. தோட்டத்தின் தேயிலை பெக்டரியில் தச்சராக இருந்த சூசையிடம் படத்தைக் காட்டினேன்.

"காலைச் சேத்து வச்சு உக்காருங்கய்யா. இது உங்க மடியிலதான படுக்கணும்," என்று நூல் பிடித்து அளந்தார்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர் வாசலில் கழிந்தன. கிட்டாரின் உடம்பு பலாப்பலகை. முகத்துக்குத் தேயிலைப் பெட்டியின் பலகையை அப்பளம்போல் சீவினார். முதல் தடவை கம்பி முறுக்கியபோது அது உள்வாங்கிவிட்டது. முகம் சுளிக்காமல் பிரித்து, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து வச்சிரம் காய்ச்சி மறுபடி ஒட்டினார். அது பாடியபோது அவர் மனைவி மேரி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

வழுக்கும் இரும்புதான் பாக்கி. பெக்டரி ஸ்டோரிலிருந்து ஒரு எஃகுத் துண்டை நான் எடுத்துப் போனேன்.

"சொல்லிட்டுத்தான் எடுத்தீங்களாய்யா?"

"சொல்லியாச்சுண்ணே."

யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதைக் கண்ணாடிபோல் தேய்த்துக் கொடுத்தார்.

கிறிஸ்மஸ் விழாவில் வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் தோட்டத்தை நடத்தும் துரை வந்து இரும்பைக் கையில் எடுத்தார். அதன் முனையில் பெக்டரி முத்திரை அழியாமல் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தச்சன் கொடுத்தான் என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். தனியாக இருக்கும்போது 'அண்ணே'; அங்கே 'தச்சன்'.

சூசை கதவோரம் சலவைச் சட்டையில் நின்றிருந்தார். துரை திரும்பிப் பார்த்ததும், பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துக் கும்பிட்டார்.

சூசையின் வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். துரையின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வேலை போனால் அவர் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். கடிதத்தை வாங்க வந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மூணாவது கம்பி எறங்கும்யா. பாத்து முறுக்குங்க," என்றார்.

அதற்குப் பிறகு கிட்டாரைத் தொடவில்லை என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். தொட்டேன். இரண்டு கல்யாணங்களில் வாசித்தேன். யார் செய்தது என்று கேட்டவர்களிடம் கொழும்பில் வாங்கியது என்றேன்.

வெகு காலம் கழித்து, சூசையும் மேரியும் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். லயம் இருந்த இடத்தில் லீக்ஸ் காய்கறிப் பாத்திகள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சூசை குடும்பமா? ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்துல எல்லாரும் கப்பலேறி இந்தியா போயிட்டாங்களே."

"எந்த ஊருக்குங்க?"

"அது அவங்களுக்கே தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.